கடற்கரை நிருபரும் கைப்பேசியும்

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீர்ப்பரப்பையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா என்று 1986-இல் அரசு அறிவித்தது. மூன்று வருஷங்கள் கழித்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாகவும் வகுத்தது. இவ்விரண்டு அறிவிப்புகளும் அரசிதழில் ஏறி, விஞ்ஞானிகளின் கருத்தரங்குகளில் பாராட்டப் பெற்றன; காப்பகம் 2001-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரத்தையும் அடைந்தது. ஆயினும், அந்தத் தீவுகளின் ஓரத்தில் சங்கு குளித்தும் பாசி எடுத்தும் வலை போட்டும் ஜீவனம் செய்துவந்த ஜனங்களுக்கு, இந்தக் கடலில் எது ஏன் காக்கப்படுகிறது என்று அவர்கள் பேசும் தமிழில், அவர்கள் காதில் விழும்படி சொல்லும் பொறுப்பை எவரும் ஏற்றதாகத் தெரியவில்லை. சட்டம் கரைக்கு வந்து சேர்ந்தபோது வழக்காகவும் அபராதமாகவுமே வந்தது.

பத்திரிகைகளும் அந்தக் குறையைத் தீர்த்துவிடவில்லை. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டப் பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கிற எவரும் அறிந்த படம் ஒன்றுண்டு. பிளாஸ்டிக் பீப்பாய்களில் கடல் அட்டைகள். அவற்றின் பின்னே சீருடையில் ஐந்தாறு அதிகாரிகள். ஓரத்தில் தலை குனிந்து குந்தியிருக்கும் இரண்டு பேர். பாறைப் பவளங்களையும் கடல் அட்டை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்த்த நாள்முதல், நம்முடைய கடற்பாதுகாப்புச் செய்தி பெரும்பாலும் இந்த ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப அச்சிட்டு வருகிறது. கடல் அட்டை கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருள்களைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிற பிராணி என்பதையும், அது ஒழிந்த இடத்தில் அடித்தரை கெட்டுப் போகும் என்பதையும், பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று அதனை எடுக்கலாம் என்பதாலேயே இப்பக்கத்துச் சரக்கு அப்பக்கம் கடத்தப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாத வரையில், வாசகனுக்கு அது வெறும் திருட்டு வழக்கு. மீனவனுக்கோ தன் பாட்டன் செய்த தொழிலை எவனோ குற்றமாக்கிய கதை.

கைப்பேசியும் இணையமும் வந்தபின் கடற்கரையிலேயே குடியிருக்கும் நிருபர், படமும் குரலும் எழுத்தும் சேர்ந்த ஒரு கதையைத் தாமே ஆக்கித் தாமே வெளியிடக்கூடிய நிலை ஏற்பட்டிருக்கிறது. இந்தச் சாதனத்தைக் கொண்டு கடலைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு, உற்சாகிகள் சட்டென்று ஆம் என்று சொல்லிவிடுகிறார்கள். என்னுடைய அபிப்பிராயம் சற்று வேறு. கதை யாருடைய காதுக்காக முதலில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது. தூரத்து நகரத்தில் இருந்து பார்ப்பவனை உத்தேசித்து எடுத்த படம் சட்டத்தை மாற்றக்கூடும். கரையில் இருப்பவனை உத்தேசித்துச் சொன்ன கதைதான் வலையை மாற்றுகிறது.

இதற்குக் குஜராத்தில் ஒரு தெளிவான முன்னுதாரணம் இருக்கிறது. சௌராஷ்டிரக் கடற்கரையில், வேராவலை ஒட்டிய துறைகளில், மீன்களிலெல்லாம் பெரியதாகிய திமிங்கலச் சுறாவை அதன் ஈரலெண்ணெய்க்காகவும், பின்னாளில் இறைச்சி ஏற்றுமதிக்காகவும் கொன்றுவந்தார்கள். மைக் பாண்டே என்பவர் அந்தக் கொலையைப் படம்பிடித்து 2000-இல் வெளியிட்ட ஆவணப்படம் சர்வதேசப் பரிசு பெற்றது. அதன் வேகத்தில் 2001-இல் அம்மீன் முதல் அட்டவணைக்குள் வந்தது. படத்தின் வெற்றி மறுக்க முடியாதது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் டில்லியிலும் வெளிநாடுகளிலும் இருந்தார்கள்; சுறாவைத் தன் வலையில் கண்ட மீனவனுக்கு அது பீப்பாய் கட்டி இழுக்கப்படும் ஒரு சரக்காகவே இன்னும் இருந்தது. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் சேர்ந்து, இராமாயண உபந்நியாசகரான மொராரி பாபுவை அழைத்து வந்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளைக் கொல்லலாமா என்று அவர் குஜராத்தியில், சபையில் கேட்டார். வீட்டில் பெண் பெற்ற எவனுக்கும் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிறகு, வலையை அறுத்து மீனை விடுவிப்பவருக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது; விடுவித்ததை மீனவரே படமெடுத்துக் காட்டினால் போதும் என்று அவர்கள் கையிலேயே காமிராவையும் கொடுத்தார்கள். அதிகாரி வருகிற வரை மீன் வலையில் கிடந்து சாக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. பல நூறு சுறாக்கள் அவ்விதம் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. கதை, பணம், காமிரா ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த காரியம் அது. காமிராவை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்வது நியாயமாகாது.

நம் கடற்கரைக்கு வருவோம். பாம்பனில் 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி, 90.4 அலைவரிசையில் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. மீனவர்களுக்கென்றே, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளைக் குரலாகக் கொண்டு நடக்கும் நிலையம் அது. காற்றும் கடலும் அன்றைக்கு எப்படி இருக்கும் என்ற அறிவிப்பு, பாட்டு, உடல்நலம், பள்ளிக்கூடச் சேதி என்று எல்லாம் கலந்து வரும் நிகழ்ச்சிகளுக்கிடையே, ‘சமுத்திரம் பழகு’ என்ற தலைப்பில் பருவநிலை மாற்றத்தையும் கடல்வாழ் உயிரினங்களையும் பற்றிய பேச்சும் இடம்பெற்றது. இந்தக் கலவையை அற்பமாக எண்ணலாகாது. கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள வானொலியைத் திருகியவன், அதே மூச்சில், முன்பு கரையோரத்தில் கிடைத்த மீன் இப்போது ஏன் தொலைவுக்குப் போய்விட்டது என்பதையும் கேட்கிறான். அதைச் சொல்லுகிற குரலோ அவன் தெருவிலேயே வளர்ந்த பெண்ணுடையது. தவறாகச் சொன்னால் மறுநாள் மீன் ஏலம் விடும் இடத்தில் அவள் தகப்பனாரைப் பிடித்துக் கேட்பார்கள். இப்படி உடனுக்குடன் திருத்தப்படுகிற பாக்கியம் நகரத்துப் பத்திரிகையாளர் எவருக்கும் கிடையாது.

எழுத்தும் படமும் சேர்ந்த கதைக்கு வேறோர் உதாரணம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்திலும், பாரதிநகர் முதலிய கடலோரக் குடியிருப்புகளிலும், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசி அகர் செய்யப் போகிறது. கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளுக்குப் போகிறது. பாறையின் கூர்மை விரலைக் கிழிக்காதபடி துணிக்கீற்றுகளை விரல்தோறும் சுற்றி, காலில் ரப்பர் செருப்பும் கண்ணில் நீர்க்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, இடுப்பிலே வலைப்பையுடன் அவர்கள் நீருக்குள் இருப்பது சில நாட்களில் ஏழு மணி நேரத்தையும் தாண்டும். இவர்களைத் தேசியப் பூங்காவின் சட்டம் அத்துமீறுவோர் என்று பார்த்தது. ஆனால் மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் பறிப்பதில்லை, பாசியை வேரோடு சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடுகளை அவர்களே கூடிப் பேசித் தங்களுக்கு விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவிலுள்ள சீகாலஜி ஸ்தாபனம் 2015-இல் தன் பரிசை அளித்தது.

பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் கிராமப்புற இந்திய ஆவணகத்தில், எம். பழனிக்குமார் இப்பெண்களின் தொழிலை 2019-இல் படங்களாகவும் சொற்களாகவும் வெளியிட்டார். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய தாயின் மகன் அவர். நீருக்கு மேலிருந்து தலைகளை எண்ணி எடுத்த படமாக அது இல்லை. பெண்கள் முங்குகிற நீருக்குள்ளேயே காமிராவும் போயிற்று. அந்த ஆவணகம் கதைகளைப் பல பாஷைகளில், தமிழிலும் வெளியிடுவதால், படத்திலிருக்கும் பெண்ணின் மகளோ பேத்தியோ தன் கைப்பேசியில் அதைத் தமிழிலேயே படிக்கலாம். கடலின் வெப்பம் ஏறுவதை அங்கே அளவுமானி சொல்லவில்லை. பாசி வளரும் மாதம் தவறுகிறது, கிடைக்கிற பாசி குறைகிறது என்று தினந்தோறும் அந்த நீரில் இறங்குகிறவர்கள் சொல்லுகிறார்கள். 1998-லும் 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அதை முறையாகக் கணக்கெடுத்திருக்கின்றன. கணக்கு அவர்களிடம் இருக்கிறது. அதன் அநுபவம் பாசி எடுக்கும் பெண்களிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டுவதே உள்ளூர் நிருபர் செய்யத்தக்க தனித்தொண்டு என்று நினைக்கிறேன்.

பாசி விஷயத்திலேயே எதிர்மறையான பாடமும் ஒன்றுண்டு. காப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை மண்டபம் கடற்கரையில் வளர்க்கத் தொடங்கியபோது, பெண்களுக்கு வேலைவாய்ப்பு என்ற ஒரு பக்கமே பெரிதாக எழுதப்பட்டது, அது பொய்யுமல்ல. ஆனால் 2008-இல் குருசடைத் தீவருகே அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடுவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். தொடக்க விழாவுக்குப் போன நிருபர்கள் திரும்ப அந்த இடத்துக்குப் போவதில்லை என்பது நம் செய்தித்தொழிலின் பழைய வியாதி. கரையில் வசிப்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

இனி ஆவுளியா. கடற்பசு என்று புத்தகங்கள் கூறும் இந்தச் சாதுவான பிராணி, கடலடியில் புல்வெளிபோல் படர்ந்திருக்கும் கடற்புல்லை நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேய்ந்து வாழ்வது. சில வருஷங்களுக்கு ஒரு முறையே ஒரு கன்று ஈனுவது. நம்மைப் போலவே காற்றைச் சுவாசிப்பது. ஆகையால் வலையில் சிக்கிச் சில நிமிஷங்கள் மேலே வர முடியாமற் போனால் மூச்சு முட்டி இறந்துவிடும். அப்படி இறந்ததை வெளியில் சொன்னால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை என்று சட்டம் சொல்லும்போது, எந்த மீனவன் வாய் திறப்பான்? பல காலம் அந்த மௌனத்தின் அடியில்தான் ஆவுளியாக்கள் அழிந்தன. இந்திய வனவிலங்கு நிறுவனம், மீனவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, உயிருடன் விடுவித்ததைப் படம் எடுத்துக் காட்டினால் வெகுமதியும், அவர்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கொடுக்க ஏற்பாடு செய்தபின், அதே கைப்பேசி அந்த மௌனத்தைக் கலைத்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, கரையோரத்துக்கு அது முற்றிலும் அந்நியமான சங்கதியாக இல்லை. வலையை அறுத்து ஆவுளியாவை அவிழ்த்துவிடும் கைகளை அதற்குள் எத்தனையோ பேர் தங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருந்தார்கள்.

இந்தப் படங்களைக் கையாளுவதில் ஒரு தர்மம் இருக்கிறது. காற்றுக்குத் தவிக்கும் பிராணியை இன்னொரு தடவை திருப்பிக் காட்டச் சொல்லும் நிருபர், நல்ல படத்துக்காக அதன் ஆயுளில் கை வைக்கிறார். எந்தப் புல்தரையில் ஆவுளியா மேய்கிறது, எந்த மணல்மேட்டில் ஆமை முட்டையிட்டது, எந்தப் பாறைத்திட்டின் அருகே கடல் அட்டை மிகுதி என்பதை ஊர்ப்பெயரோடு வெளியிடுவது, பாதுகாப்புக்கு எழுதியதாக எண்ணிக்கொண்டு திருடனுக்கு வழி சொல்வதாகும். இறந்துபோனதைப் பற்றி மனம்விட்டுப் பேசிய மீனவரின் முகத்தையும் குரலையும் மறைக்காமல் விட்டால், அவர் பேச்சே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். வெளியூர்க்காரர் இவற்றை எழுதிவிட்டுப் போய்விடலாம். உள்ளூர்க்காரர் அந்தக் குடும்பத்தைத் தினமும் தெருவில் பார்க்க வேண்டும்.

அண்மையே பலம் என்று இதுவரை சொன்னேன். அது விலங்காகவும் மாறும் என்பதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரை தேடி வந்த ஆமைகள், கரையோரத்து ஐந்து கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் மடி என்னும் இழுவை வலையை இழுத்ததால் மூச்சடைத்து இறந்தன என்பதே பரவலாகக் கூறப்பட்ட காரணம். கரையில் நடந்து பிணங்களை எண்ணிய தொண்டர்களும், அவர்கள் எண்ணிக்கையை உடனுக்குடன் வெளியிட்ட நிருபர்களும் இல்லாதிருந்தால், அது வருஷா வருஷம் நடப்பதுதானே என்று போயிருக்கும். பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் கொண்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மடியில் சிக்கிய ஆமை தப்பிப் போவதற்கான விலக்குக் கருவி ஏன் படகுகளில் பொருத்தப்படவில்லை என்ற பழைய கேள்வியும் திரும்ப எழுந்தது. மீன் நழுவிவிடும் என்பது படகுக்காரர்களின் பதில்.

சென்னையைப் போன்ற பெருநகரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது சுலபம். இராமேசுவரத்தில் கேட்பது வேறு. அங்கே விசைப்படகின் சொந்தக்காரர் நிருபரின் உறவினராகவோ, பத்திரிகைக்கு விளம்பரம் தருகிறவராகவோ, கோயில் திருவிழாவிலோ மாதாகோயில் கொடியேற்றத்திலோ முன்வரிசையில் நிற்பவராகவோ இருக்கிறார். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஏற்பட்ட ஒழுங்கே, இரண்டு தரப்பும் ஒரே கடலில் ஒன்றையொன்று சகிக்க முடியாததால் வந்தது. அடித்தரையைச் சுரண்டும் மடி, குஞ்சும் குளுவானுமாகச் சங்காயம் என்னும் கழிவுமீனை அள்ளிக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறது என்று நாட்டுப்படகுக்காரர்கள் பல வருஷங்களாகக் கூறி வருகிறார்கள். அந்தக் குரலை எத்தனை உள்ளூர்க் கதைகள் முழுதாக எடுத்துச் சொல்லியிருக்கின்றன?

இதைவிடக் கூர்மையான சோதனை பாக் நீரிணையின் நடுக்கோட்டில் இருக்கிறது. இலங்கைக் கடற்படை இராமேசுவரத்து மீனவர்களைக் கைது செய்ததும் படகுகளைப் பறித்ததும் இக்கரைப் பத்திரிகைகளின் செய்தி. யுத்தகாலம் முழுவதும் கடலில் இறங்கவே தடைப்பட்டு, 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை கட்டிய வடமாகாணத்து மீனவர்களின் வலைகள் இந்திய இழுவைப்படகுகளால் அறுபட்டது யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் செய்தி. இலங்கை 2017-இல் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடுத்துவிட்டது. இரு கரையிலும் பேசுவது தமிழ். இரு கரையிலும் உண்மையான துயரம். ஆனால் ஒரு கரையின் கதையில் மறுகரையின் துயரம் அநேகமாக இடம்பெறுவதில்லை. கம்பியில்லாத இந்தக் காலத்துச் சாதனம் அக்கடலைக் கண நேரத்தில் தாண்டக்கூடியது. மன்னாரிலோ நெடுந்தீவிலோ அறுந்த வலையைக் கையில் பிடித்துப் பேசும் ஒருவரின் குரலைப் பாம்பன் நிருபர் தம் ஊராருக்குக் கேட்பிப்பாரானால், அது நூறு பேச்சுவார்த்தைத் தீர்மானங்களைவிடப் பயன்படும். அவ்வளவுக்கு அவர் தம் தெருவில் வசவும் வாங்குவார். மத்திய அரசும் மாநில அரசும் 2017-இல் தொடங்கிய, 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்றும் திட்டம் உத்தேசித்த வேகத்தில் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று படகுக்காரரின் கடன் கணக்கோடும் டீசல் செலவோடும் விசாரித்து எழுதினால், அந்த வசவின் பாதியாவது குறையக்கூடும்.

யூடியூபில் மீனவர்களே நடத்தும் ‘உங்கள் மீனவன்’, ‘தூத்துக்குடி மீனவன்’ முதலான பக்கங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். எந்தச் செய்தி ஸ்தாபனமும் கனவு காணாத கூட்டத்தை இவை சேர்த்திருக்கின்றன. வலை வீசுவது, தூண்டில் போடுவது, நடுக்கடலில் குழம்பு வைப்பது என்று கடல்வாழ்வின் மரியாதையை உள்நாட்டுத் தமிழனுக்கு உணர்த்திய பெருமை இவர்களுக்கு உண்டு. எனினும், பார்வையாளர் எண்ணிக்கையால் பிழைக்கும் எந்தப் பக்கத்துக்கும் பெரிய மீன், அபூர்வ மீன், நிறைந்த வலை ஆகியவையே விலைபோகும் சரக்கு. வெறும் வலையோடு திரும்பிய நாளை யார் பார்ப்பார்கள்? கடலைப் பற்றிய மெய்யான செய்தியோ அநேகமாக அந்த வெறும் வலையில்தான் இருக்கிறது. மீனவருக்கும் நிருபருக்கும் கூட்டு ஏற்பட வேண்டிய இடம் இதுவே: கூட்டத்தைச் சேர்க்கும் குரல் ஒருவருடையது, விசாரித்துச் சரிபார்க்கும் பழக்கம் மற்றவருடையது.

காசில்லாமல் இவை ஒன்றும் நடவா. தாலுகா நிருபர்களில் பலர், அச்சேறிய செய்திக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சொற்பத் தொகையையும் விளம்பரக் கழிவையும் நம்பிக் காலம் தள்ளுகிறவர்கள். ஒரு தீவின் கதையை எழுதப் படகு அமர்த்த வேண்டும், வனத்துறையின் அநுமதிக்கு அலைய வேண்டும், காற்று ஓய்கிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிதியுதவிகள் சில வருகின்றன. அவை வருஷக் கணக்கில் வருகிறவை, கடல் மாறுவதோ தலைமுறைக் கணக்கில். உதவி நின்றதும் பக்கமும் நின்றுவிடுகிறது. இரண்டு வருஷத்தில் இணைய முகவரியும் காலாவதியாகிறது. 1998-இல் பவளம் வெளுத்தபோது அதைக் கண்ணால் கண்ட சங்கு குளிப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு இன்று தேடினால் குரற்பதிவு கிடைப்பது அரிது. அதே குறை இப்போதைய பதிவுகளுக்கும் நேரக்கூடும், ஏனெனில் அவை தனிமனிதரின் கைப்பேசியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

ஆகவே முதலில் செய்யத்தக்கது சிறிய காரியம். ஒவ்வொரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும், அல்லது அருகிலுள்ள கிளை நூலகத்தில், தேதியும் இடமும் பேசுகிறவர் சம்மதமும் குறித்து இப்பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு பெட்டகம் இருக்க வேண்டும். இடத்தின் நுணுக்கமான அடையாளத்தைப் பொதுமக்களுக்கு மறைத்து, ஆராய்ச்சியாளருக்குச் சங்கத்தின் அநுமதியோடு மட்டும் காட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் தடைக்காலமே இந்தச் சேகரத்துக்கு ஏற்ற பருவம்; ஆட்களும் ஊரில் இருப்பார்கள், பேச நேரமும் இருக்கும். அந்தப் பெட்டகத்தின் சாவி வனத்துறையிடமா, பத்திரிகையிடமா, சங்கத்திடமா இருப்பது என்பதில் தகராறு வரத்தான் செய்யும். சங்கத்திடம் இருக்கட்டும் என்பது என் கட்சி.